பிள்ளைக்கு உண்டு, தாய்க்கு?

பள்ளி திறந்த நாள் காலை, நான் நிகழ்ச்சி படைத்துக்கொண்டிருந்தபோது கைப்பேசிக்கு ஒரு படம் வந்தது. மின்தூக்கிக்கு முன்னால் நிற்க வைத்து எடுத்த படம். தொடக்கநிலை ஒன்றின் புதுச் சீருடை, முழங்காலுக்குக் கீழே இறங்கும் பாவாடை, பிள்ளையைவிடப் பெரிதாக ஒரு பை. முன்பல் இரண்டும் விழுந்திருந்தன. கீழே ஒரு வரி: "அக்கா, உங்க பாப்பா ஸ்கூலுக்குப் போறா."

என் பாப்பா இல்லை. அவளை நான் நேரில் பார்த்ததே இரண்டு முறைதான். ஆனால் அவளுடைய அப்பா என்னிடம் பேசும்போதெல்லாம் அப்படித்தான் சொல்வார். அதற்குக் காரணம் நான் செய்த ஒரு பிழை. ஒலிபெருக்கி முன்னால் உட்கார்ந்து சம்பாதிக்கிறவள் என்பதால் சிறு உளறல்கள் எனக்குப் புதிதல்ல. பாட்டின் பெயரை மாற்றிச் சொல்லியிருக்கிறேன், நேரத்தைத் தவறாகச் சொல்லி ஒருவரைப் பேருந்தைத் தவறவிட வைத்திருக்கிறேன். இது அந்த வகை இல்லை. அதனால்தான் இத்தனை ஆண்டுகளாக இந்தப் பத்தியில் எழுதாமல் இருந்தேன்.

2019 ஏப்ரல். மெடிஷீல்டு லைஃப் காப்புறுதி, அம்மாதம் 1ஆம் தேதியிலிருந்து கர்ப்பகாலத்திலும் பிரசவத்திலும் ஏற்படும் கடுமையான சிக்கல்களுக்கும் பொருந்தும் என்று அறிவித்திருந்தார்கள். 24 வகைச் சிக்கல்கள். கர்ப்பகால வலிப்பு, பிரசவத்துக்குப் பின் நிற்காத இரத்தப்போக்கு போன்றவை அதில் அடக்கம். அதுவரை அந்தக் காப்புறுதியில் இவை சேர்க்கப்படவில்லை. நல்ல செய்தி. சொல்ல வேண்டிய செய்தி.

பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே எங்களுக்குக் கிடைப்பது ஒன்றரை நிமிடம். அதற்குள் செய்தியைச் சொல்லி, அதில் நேயருக்கு என்ன இருக்கிறது என்று சொல்லி, அடுத்த பாட்டுக்குப் போய்விட வேண்டும். சிக்கலானதை எளிதாகச் சொல்வது எப்படி என்று ஊடகக் கல்வியில் ஒரு பாடமே படித்தேன். எளிதாக்கும்போது எது கீழே விழுகிறது என்று குனிந்து பார்க்க வேண்டும் என்பதை அந்தப் பாடத்தில் சொன்னார்களா, நான்தான் அன்றைக்கு வகுப்புக்குப் போகவில்லையா, தெரியவில்லை. அறிவிப்பைப் படித்துவிட்டு, என் பங்குக்கு ஒரு வாக்கியம் சேர்த்தேன். "ஆக, கர்ப்பிணித் தாய்மார்களே, இனிமேல் கவலையை விடுங்க, பாட்டைக் கேளுங்க!"

பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போது தொலைபேசி அடித்தது. ஓர் இளைஞர். பொருள் விநியோகிக்கும் வேன் ஓட்டுகிறவர். நேயர் விருப்பத்துக்கு அடிக்கடி அழைப்பவர்தான், குரல் எனக்குப் பழக்கம். அன்று பாட்டுக் கேட்கவில்லை.

"அக்கா, இப்போ சொன்னீங்களே, அது என் மனைவிக்கும் உண்டா?"

"எல்லாருக்கும் உண்டு தம்பி. நீங்க ஒண்ணும் செய்ய வேணாம், தானாவே சேர்த்துருவாங்க."

"அப்பாடா" என்றார். அந்த "அப்பாடா" இன்னும் என் காதில் இருக்கிறது.

நிகழ்ச்சி முடிந்து காப்பி வாங்கப் போகும் வழியில்தான் மனத்தில் ஏதோ உறுத்தியது. சில மாதங்களுக்கு முன்பு அவர் எங்கள் நிகழ்ச்சியில் தம் மனைவிக்குத் திருமண நாள் வாழ்த்துச் சொன்னார். இரண்டாவது ஆண்டு நிறைவு. "மன்னார்குடியிலிருந்து வந்து, குளிரூட்டியும் மின்தூக்கியும் பழகிக்கிட்ட என் மனைவிக்கு" என்று சொல்லச் சொன்னார். மன்னார்குடி.

எங்கள் நிகழ்ச்சிக்கு ஒருமுறை விருந்தினராக வந்த மருத்துவச் சமூக ஊழியர் ஒருவரின் எண் என்னிடம் இருந்தது. குறுந்தகவல் அனுப்பினேன். கணவர் சிங்கப்பூரர், மனைவி நீண்டகால வருகை அனுமதியில் இருக்கிறார், மெடிஷீல்டு லைஃப் உண்டா? பதில் ஒரு நிமிடத்தில் வந்தது. இல்லை. அந்தக் காப்புறுதி குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மட்டுமே. வருகை அனுமதியில் இருப்பவருக்குப் பிரசவ வார்டில் அரசாங்க மானியமும் கிடையாது. அடுத்து அவர் ஒரு கேள்வி கேட்டிருந்தார்: "எத்தனை மாதம்? எங்கே காட்டுகிறார்கள்?"

எனக்குத் தெரியவில்லை. நான் கேட்கவே இல்லை.

அவரைத் திரும்ப அழைப்பதற்கு முன் ஒழுங்காகத் தெரிந்துகொள்வோம் என்று அன்று மாலை உட்கார்ந்து படித்தேன். ஊடகத்தில் இருக்கிறேன், சிங்கப்பூரில் பிறந்து வளர்ந்தவள், அப்படியும் நம் மருத்துவச் செலவு ஏற்பாடு எப்படி இயங்குகிறது என்று அதுவரை எனக்கு உருப்படியாகத் தெரியாது. உங்களில் பலருக்கும் தெரியாது என்று துணிந்து சொல்வேன்.

1984இல் வந்தது மெடிசேவ். அது காப்புறுதி இல்லை, நம் சம்பளத்திலிருந்து நமக்கே எடுத்துவைக்கும் சேமிப்பு. 1990இல் மெடிஷீல்டு, பெரிய மருத்துவமனைக் கட்டணங்களுக்கான காப்புறுதி. 1993இல் மெடிஃபண்ட், இவை இரண்டும் போதாமல் கையைப் பிசைந்து நிற்கும் குடிமக்களுக்கான அரசாங்க நிதி. பழைய மெடிஷீல்டில் ஏற்கெனவே நோய் இருப்பவர்களுக்கு இடம் கிடைப்பது கடினம். பிறக்கும்போதே குறையோடு பிறக்கும் பிள்ளைகளுக்கு அது கைகொடுக்கத் தொடங்கியதே 2013இல்தான். 2015 நவம்பர் 1இல் மெடிஷீல்டு லைஃப் வந்தபோது எல்லாக் குடிமக்களையும் நிரந்தரவாசிகளையும், நோயிருந்தாலும் இல்லாவிட்டாலும், ஆயுள் முழுவதும் சேர்த்துக்கொண்டார்கள்.

பிள்ளைகள் விஷயத்தில் இது மிக நல்ல ஏற்பாடு. சிங்கப்பூர்க் குடியுரிமையோடு பிறக்கும் குழந்தைக்குப் பிறந்த கணத்திலிருந்து காப்புறுதி உண்டு. விண்ணப்பம் இல்லை, மருத்துவப் பரிசோதனை இல்லை. இதயத்தில் ஓட்டையோடு பிறந்தாலும் உண்டு, எட்டாம் மாதத்தில் பிறந்தாலும் உண்டு. அதோடு பிள்ளையின் பெயரிலேயே ஒரு மெடிசேவ் கணக்கும் தொடங்கி, அரசாங்கம் பணம் போடுகிறது. 2015இல் அந்தத் தொகை 4,000 வெள்ளியாக உயர்ந்தது. பிள்ளைக்கு 21 வயதாகும்வரை காப்புறுதிச் சந்தாவுக்கு அது போதும் என்பது கணக்கு. வருமானம் குறைந்த குடும்பங்களுக்குச் சந்தாவில் கழிவும் உண்டு.

என் பாட்டி இருந்திருந்தால் இதைக் கேட்டுச் சிரித்திருப்பார். அம்மா பிறந்தது 1966இல், கண்டாங் கெர்பாவ் மருத்துவமனையில். அந்த ஓராண்டில் மட்டும் அங்கே ஏறத்தாழ 40,000 குழந்தைகள் பிறந்தன. உலகிலேயே அதிகப் பிரசவம் பார்த்த மருத்துவமனை என்று கின்னஸ் புத்தகத்தில் இடம்பெற்றது. ஒரு கட்டிலில் இருவர் படுத்த கதையைப் பாட்டி பெருமையாகவே சொல்வார். நான்காவதாகச் சின்னம்மா பிறந்தபோது ஆண்டு 1974. "இரண்டு போதும்" காலம். பிள்ளை எண்ணிக்கை கூடக்கூடப் பிரசவக் கட்டணமும் கூடும். கருத்தடை செய்துகொண்டால் கட்டணம் தள்ளுபடி. நான்காவது பிள்ளைக்கு அரசாங்கம் தண்டம் போட்டது என்று பாட்டி கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். 1987இல் கொள்கை தலைகீழாகத் திரும்பி, வசதியிருந்தால் மூன்றும் பெறலாம் என்றார்கள். அவர் காலத்தில் கூடுதல் பிள்ளைக்குக் கூடுதல் கட்டணம். இப்போது பிள்ளை பிறந்தால் அதன் பெயரில் பணம்.

ஆனால் பாட்டியின் காலத்திலும் சரி, இப்போதும் சரி, பிள்ளை பிறப்பதற்கு ஒரு தாய் வேண்டும். அங்கேதான் வருகிறது சிக்கல்.

மறுநாள் அவரை அழைத்தேன். "தம்பி, நேத்து நான் தப்பாச் சொல்லிட்டேன்" என்று நேராகவே தொடங்கினேன். சுற்றி வளைத்தால் எனக்கு வாய் வராது. எதிர்முனையில் வேனின் இயந்திரச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு கேட்டார்: "அப்போ ஊருக்கே அனுப்பிடலாமா அக்கா? தலைப்பிரசவம் தாய்வீட்டிலதானே."

எத்தனை மாதம் என்று இப்போதாவது கேட்டேன். ஆறாவது மாதம் நடக்கிறதாம். எங்கே காட்டுகிறீர்கள் என்றேன். வீட்டுக்குக் கீழே இருக்கும் மருந்தகத்தில் ஒருமுறை, கர்ப்பம் உறுதியானபோது. அதற்குப் பிறகு? அதற்குப் பிறகு இல்லை. ஸ்கேன், இரத்தப் பரிசோதனை என்று போனாலே முந்நூறு நானூறு ஆகும், வெளிநாட்டவர் கட்டணம் என்று யாரோ சொன்னார்களாம். கையில் இருப்பதைப் பிரசவத்துக்கு வைத்துக்கொள்வோம் என்று இருவரும் முடிவெடுத்திருக்கிறார்கள்.

மாலையில் அவர் மனைவியிடமும் பேசினேன். இருபத்து நான்கு வயது. "நல்லாத்தான் இருக்கேன் அக்கா, கால் மட்டும் கொஞ்சம் வீங்குது" என்றாள். ஏன் மருத்துவரிடம் போகவில்லை என்று கேட்டபோது பணத்தைப் பற்றி அவள் பேசவில்லை. "எங்க ஊர்ல நர்ஸம்மா வீட்டுக்கே வருவாங்க அக்கா. பேரு எழுதி, நோட்டு குடுத்து, அடுத்த தேதி சொல்லிட்டுப் போவாங்க. இங்கேயும் யாராவது வருவாங்கன்னு இருந்தேன்."

இதைக் கேட்டு எனக்குச் சிரிப்பு வரவில்லை. தமிழ்நாட்டில் கிராம சுகாதார செவிலியர் வீடு வீடாகச் சென்று கர்ப்பிணிகளைப் பதிவு செய்வது அவள் கண்ணால் கண்ட வழக்கம். அவளுடைய அக்காவுக்கு டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தில் உதவி கிடைத்திருக்கிறது. ஏழைக் குடும்பத்துக் கர்ப்பிணிகளுக்கு ஊட்டச்சத்துப் பெட்டகமும் சேர்த்து மொத்தம் 18,000 ரூபாய். அதைச் சும்மா தூக்கிக் கொடுப்பதில்லை. முதல் மூன்று மாதத்துக்குள் பதிய வேண்டும், பரிசோதனைகளுக்கு வர வேண்டும், தடுப்பூசி போட வேண்டும். ஒவ்வொன்றுக்கும் ஒரு தவணை. அதாவது, சீக்கிரம் வருவதற்குப் பணம் கொடுக்கிறார்கள். அங்கே குறைகள் இல்லையா என்றால், நிறைய இருக்கின்றன; தவணைப் பணம் பிள்ளை நடக்கும்போது வந்து சேர்ந்தது என்று அவளே சொன்னாள். இருந்தாலும் வாசலில் ஒருவர் வந்து நிற்கிறார். இங்கே உலகத்தரமான மருத்துவமனை பதினைந்து நிமிடப் பேருந்துப் பயணத்தில் இருக்கிறது. வாசலுக்கு யாரும் வருவதில்லை. நாம்தான் போக வேண்டும்.

அந்தச் சமூக ஊழியர் சொன்ன முதல் சொல்: "கட்டணத்தை அப்புறம் பேசிக்கொள்ளலாம், காலைக் காட்டச் சொல்லுங்கள்." இரண்டு நாளில் போனார்கள். இரத்த அழுத்தம் எகிறியிருந்தது. சிறுநீரில் புரதம். ஊருக்கு விமானத்தில் அனுப்பும் பேச்சே எடுக்க வேண்டாம் என்றுவிட்டார் மருத்துவர். மருந்து தொடங்கினார்கள். வாரந்தோறும் வரச் சொன்னார்கள். ஒரு முறைகூட அவர்கள் தவறவிடவில்லை. அவர் இரவிலும் வேன் ஓட்டத் தொடங்கினார்.

ஜூன் மாதம், 34ஆம் வாரத்தில், அழுத்தம் மருந்துக்குக் கட்டுப்படாமல் போக, அறுவை சிகிச்சை செய்து குழந்தையை எடுத்தார்கள். இரண்டு கிலோவுக்கும் குறைவு. குழந்தை மூன்று வாரம் சிறப்புப் பராமரிப்பில் இருந்தது. தாய்க்கு ஒரு வாரம்.

வீடு திரும்பிய பிறகு அவர் இரண்டு தாள்களைப் படமெடுத்து அனுப்பினார். ஒரே மருத்துவமனை, ஒரே இரவு, இரண்டு கட்டணச் சீட்டு. ஒன்று குழந்தையின் பெயரில். பெயர் வைக்காததால் அம்மாவின் பெயரைப் போட்டு, அவருடைய குழந்தை என்று அச்சாகியிருந்தது. அதில் முதலில் மானியம் கழிந்தது, பிறகு மெடிஷீல்டு லைஃப் கொடுத்தது, மிச்சம் குழந்தையின் சொந்த மெடிசேவிலிருந்து போனது. கையிலிருந்து கொடுத்தது நூறு வெள்ளிகூட இல்லை. மூன்று வாரம் கண்ணாடிப் பெட்டியில் இருந்த பிள்ளைக்கு! இந்த நாட்டில் பிள்ளை பெற்றதில் அதுவரை அவருக்கு வராத நிம்மதி அந்தத் தாளைப் பார்த்தபோது வந்ததாம்.

இன்னொன்று அம்மாவின் பெயரில். மானியம் என்ற வரியே இல்லை. காப்புறுதி என்ற வரியும் இல்லை. ஐந்து மாதச் சம்பளத்துக்குச் சமம்.

கணவரின் மெடிசேவை மனைவிக்குப் பயன்படுத்தலாம், மனைவி எந்த நாட்டவராக இருந்தாலும். அது அவருக்குத் தெரிந்திருக்கவில்லை, எனக்கும் தெரிந்திருக்கவில்லை. சமூக ஊழியர்தான் சொன்னார். ஆனால் வேலைக்குச் சேர்ந்த காலம் முழுவதும் நாள்கூலியாகவும் சுயதொழிலாகவும் ஓட்டியவரின் மெடிசேவில் என்ன இருக்கும்? பிரசவத்துக்கு முந்தைய பரிசோதனைகளுக்கு மெடிசேவிலிருந்து 900 வெள்ளிவரை எடுக்கலாம். ஆனால் அன்றைய விதிப்படி முதலில் கையிலிருந்து கட்டிவிட்டு, இரசீதுகளைப் பிரசவத்தின்போது மருத்துவமனையில் கொடுத்துப் பெற வேண்டும். அவரிடம் பாதி இரசீதுகள்தான் இருந்தன. மீதத்தை மருத்துவமனையோடு பேசித் தவணையாகக் கட்ட ஏற்பாடானது. மெடிஃபண்ட் கேட்கலாமா என்றால், தாய் குடிமகள் இல்லை.

அவள் கணவரைப்போல் சிங்கப்பூரரை மணந்து வருகிறவர்களுக்கு 2012இலிருந்து இன்னோர் அனுமதி இருக்கிறது. நீண்டகால வருகை அனுமதிக்குப் பின்னால் ஒரு கூட்டல் குறி. அது கிடைத்தால் அரசாங்க மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெறுவதற்கு, நிரந்தரவாசிகளுக்குக் கிடைப்பதற்கு நெருக்கமான மானியம் உண்டு. அதைப் பெற, சிங்கப்பூர்க் குடியுரிமை பெற்ற பிள்ளை இருக்க வேண்டும், அல்லது திருமணமாகி மூன்று ஆண்டுகளாவது ஆகியிருக்க வேண்டும். அவளுக்குத் திருமணமாகி இரண்டரை ஆண்டு. பிள்ளை வயிற்றில். பிரசவத்துக்கு உதவும் மானியம், முதல் பிள்ளை பிறந்த பிறகு!

இதை நான் குறையாகச் சொல்லும்போது என் கணவர் எப்போதும் எதிர்வாதம் செய்வார். எங்காவது ஒரு கோடு போட்டுத்தானே ஆக வேண்டும், குடிமக்கள் சந்தா கட்டிச் சேர்த்த நிதி அது, நேற்று விமானத்தில் வந்தவருக்கும் உண்டு என்றால் நிதி என்னாவது என்பார். நியாயம்தான். நானும் அந்தச் சந்தாவைக் கட்டுகிறவள்தான். ஆனால் அந்தக் குழந்தையின் கணக்கைப் பாருங்கள். ஆறு மாதம்வரை யாரும் அந்தத் தாயின் இரத்த அழுத்தத்தைப் பார்க்கவில்லை. கட்டணத்துக்குப் பயந்துதான் பார்க்கவில்லை. முன்பே பார்த்திருந்தால் எல்லாம் சரியாகியிருக்கும் என்று எந்த மருத்துவரும் உறுதி கொடுக்க மாட்டார், நானும் சொல்லவில்லை. ஆனால் சிறப்புப் பராமரிப்பில் மூன்று வாரம் இருந்த செலவை ஏற்றது அதே நிதிதான். அவள் வயிற்றில் இருந்தது நாளைய சிங்கப்பூரர். தாயின் அழுத்தமானியும் பிள்ளையின் மருத்துவச் செலவும் ஒரே கணக்கில்தான் வந்து சேர்கின்றன.

அமெரிக்காவில் இதே முடிச்சை வேறு விதமாக அவிழ்த்திருக்கிறார்கள். குறைந்த வருமானக் குடும்பங்களின் பிள்ளைகளுக்காக 1997இல் சிப் என்ற பொதுக் காப்புறுதியைத் தொடங்கினார்கள். அரசாங்கத்தின் மெடிக்கெய்டு கிடைக்கும் அளவுக்கு ஏழையும் இல்லை, தனியாரிடம் வாங்கும் அளவுக்கு வசதியும் இல்லை என்ற வீட்டுப் பிள்ளைகளுக்கு. 2002இல் விதி மாறியது. மாநிலங்கள் விரும்பினால், பிறக்காத பிள்ளையையும் அந்தத் திட்டத்தில் சேர்க்கலாம். காப்புறுதி பெறுவது பிள்ளை என்பதால் தாயின் குடிநுழைவுத் தகுதி குறுக்கே வருவதில்லை. ஆனால் ஊசி போடுவதும் ஸ்கேன் எடுப்பதும் தாய்க்குத்தானே! டெக்சஸ் 2007இலிருந்து அப்படிச் செய்கிறது. அந்த விதி அங்கே கருக்கலைப்புச் சர்ச்சையின் நிழலில் பிறந்தது, தாய்க்கென்று தனியாக வரும் நோய்களுக்கு அது உதவாமல் போவதும் உண்டு. அப்படியே இங்கே கொண்டுவரச் சொல்லவில்லை. பிறக்கப்போகும் குடிமகனுக்காகத் தாயின் பரிசோதனைகளை மட்டுமாவது ஏற்கலாம் என்ற எண்ணம் உலகத்தில் புதிதில்லை என்பதற்காகச் சொன்னேன்.

2021இல் நான் கர்ப்பமாக இருந்தபோது அலுவலகத்தில் தோழிகள் ஆளுக்கொரு மகப்பேற்று மருத்துவர் பெயரைச் சொன்னார்கள். யாருடைய கட்டணத் தொகுப்பில் எத்தனை ஸ்கேன் என்ற ஒப்பீடு வேறு. நிறுவனம் தரும் மருத்துவக் காப்புறுதி இருக்கிறதே என்று நான் நினைத்திருந்தேன். எடுத்துப் பார்த்தால் மகப்பேறு அதில் இல்லை. பெரும்பாலான நிறுவனங்களில் அப்படித்தானாம். நல்ல சம்பளம் வாங்கும் இளையர்களே, உங்கள் ஆவணத்தையும் ஒருமுறை எடுத்துப் பாருங்கள். நான் பலதுறை மருந்தகத்துக்குப் போய், பரிந்துரைக் கடிதம் வாங்கிக்கொண்டு மருத்துவமனைக்குப் போனேன். அந்தக் கடிதம் இருந்தால் குடிமக்களுக்கு மானியக் கட்டணம். கடிதமில்லாமல் நேரே போனால் தனியார் கட்டணம். ஒரு காலை நேரக் காத்திருப்புதான் வித்தியாசம். இதையும் எனக்குச் சொன்னது அதே சமூக ஊழியர்தான். நான் முதல் மூன்று மாதத்துக்குள்ளேயே அவரிடம் கேட்டேன், ஏனென்றால் யாரிடம் கேட்க வேண்டும் என்று எனக்குத் தெரிந்திருந்தது.

மருத்துவச் சமூக ஊழியரைக் கட்டணச் சீட்டு கையில் வந்த பிறகுதான் பார்க்க வேண்டும் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். பிரசவத்துக்கு முன்பே பார்க்கலாம். எவ்வளவு ஆகும் என்று மருத்துவமனையிடம் மதிப்பீடு கேட்கலாம், தவணை பேசலாம், எந்த வார்டு என்று முடிவெடுக்கலாம். கேட்பதற்கு வெட்கப்பட்டால் அந்த வெட்கத்துக்கும் வட்டி கட்ட வேண்டியிருக்கும். விதிகளும் தொகைகளும் அவ்வப்போது மாறுகின்றன. அதனால் 2019இல் நான் படித்ததை வைத்துக்கொண்டு யாரும் கணக்குப் போடாதீர்கள். வானொலி அறிவிப்பாளரை நம்பியும் போடாதீர்கள்.

அந்தத் தவணைகளைக் கட்டி முடிக்க அவர்களுக்கு இரண்டரை ஆண்டு ஆனது. நடுவில் கொவிட். வேன் ஓட்டுகிறவருக்கு அக்காலத்தில் வேலை கூடியது, அது ஒரு வகையில் உதவியது. 2020 நவம்பரிலிருந்து பரிந்துரைக்கப்படும் குழந்தைத் தடுப்பூசிகள் சிங்கப்பூர்ப் பிள்ளைகளுக்குப் பலதுறை மருந்தகங்களில் முழு மானியத்தில் கிடைப்பதால், பாப்பாவின் ஊசிகளுக்கு அதன் பிறகு பணம் கேட்கவில்லை. எடைதான் மெல்ல ஏறியது. மூன்று வயதில் மற்றப் பிள்ளைகளை எட்டிப் பிடித்துவிட்டாள்.

இரண்டாவது பிள்ளை வயிற்றில் இருந்தபோது அவளுக்கு அந்தக் கூட்டல் குறி கிடைத்திருந்தது. ஆறாவது வாரமே மருத்துவரைப் பார்த்துவிட்டாள். இரத்த அழுத்தத்தை முதல் நாளிலிருந்தே கவனித்தார்கள். பிள்ளை 38 வாரம் தாங்கியது. அந்த முறை அவர் இரண்டு தாளையும் எனக்கு அனுப்பவில்லை. அனுப்பும் அளவுக்கு அவற்றில் ஒன்றுமில்லை என்றார்.

சீருடைப் படம் வந்த அன்று, நிகழ்ச்சி முடிந்ததும் அவளிடம் பேசினேன். பிள்ளை அழாமல் போனாளா, மதிய உணவு என்ன என்று பேசிவிட்டு, போகிற போக்கில் ஒன்று சொன்னாள். அவர்கள் புளோக்கில் மூன்றாவது மாடிக்குக் காரைக்குடியிலிருந்து ஒரு பெண் கல்யாணமாகி வந்திருக்கிறாளாம். மூன்றாம் மாதமாம். மின்தூக்கியில் பார்த்துப் பேச்சுக் கொடுத்தபோது, இன்னும் எங்கும் காட்டவில்லை என்றாளாம்.

"வியாழக்கிழமை நானே கூட்டிட்டுப் போறேன் அக்கா. வெறும் கையோட வராதே, இரசீது போட ஒரு உறை எடுத்துட்டு வான்னு சொல்லியிருக்கேன்."